பெட்டா தொட்டி செட்: பதினோரு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

"வேலை பார்த்துக்கிட்டே நிமிர்ந்து பார்க்க ஏதாவது இருக்கட்டும் அத்தை" என்று தம்பி மகள் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன பெட்டி இது, பெட்டா என்கிற ஃபைட்டர் மீனுக்கான தொட்டி செட். நான் வீட்டிலேயே துணி தைப்பவள். மீன் வளர்த்துப் பழக்கமில்லை. "எல்லாம் உள்ளேயே இருக்கு, தண்ணி ஊத்தினா போதும்" என்றாள். பெட்டியின் மேலும் ஏறக்குறைய அதையேதான் அச்சடித்திருந்தார்கள். இந்த மாதிரி செட்டுகள் பல பெயர்களில் வருகின்றன, உள்ளே இருக்கும் சாமானில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் கம்பெனி பெயரை விட்டுவிட்டுச் சாமான் சாமானாகச் சொல்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ணாடி நல்ல கண்ணாடி. ஹீட்டர் சொன்ன பேச்சைக் கேட்கிறது. மூடி பாதி சரி. ஃபில்டர் இந்த மீனுக்கு ஆகவே ஆகாது. கூட வந்த கையேட்டை மட்டும் நம்பியிருந்தால் மீன் முதல் மாதத்தைத் தாண்டியிருக்காது. ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம், அதிலும் ஒன்று என் கைவேலைக்கு.

பெட்டியின் முகப்புப் படத்தில் நீலத்தில் ஒன்றும் சிவப்பில் ஒன்றுமாக இரண்டு ஆண் பெட்டாக்கள் ஒரே தொட்டிக்குள் தோகை விரித்து எதிரும் புதிருமாக நிற்கின்றன. பார்க்க அழகுதான். ஆனால் ஃபைட்டர் மீன் என்று இதற்குச் சும்மா பேர் வரவில்லை. தாய்லாந்தில் இதைப் பிளா கட் என்பார்கள், கடிக்கும் மீன் என்று அர்த்தம். சண்டைக்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்த்த இனம். 2019-இல் அந்த நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்துவிட்டது. இரண்டு ஆண்களை ஒரு தொட்டியில் விட்டால் துடுப்பும் செதிலும் பிய்ந்து ஒன்றாவது சாகும். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒரு குழந்தை இரண்டு மீன் வேண்டும் என்று அடம்பிடித்தால்? நல்லவேளை, தம்பி மகள் ஒன்றுதான் வாங்கி வந்தாள்.

அடர்நீல உடம்பு, வால் ஓரத்தில் செம்பு நிறம். முதலில் வெல்வெட் என்று பேர் வைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, வெல்வெட் என்று பெட்டாக்களுக்கு ஒரு ஒட்டுண்ணி நோயே இருக்கிறது, உடம்பில் பொன்தூள் தூவினாற்போல் படியும் என்று. அன்றைக்கே பேரை ஜரிகை என்று மாற்றிவிட்டேன்.

சரி, தொட்டி. வெளியே 15 லிட்டர் என்று போட்டிருக்கிறது. எதையும் அளக்காமல் விடும் பழக்கம் எனக்கில்லை. ஒரு லிட்டர் ஜாடியால் ஊற்றி எண்ணினேன். அடியில் கூழாங்கல் பரப்பி, மேலே 4 செ.மீ. இடம் விட்டபின் உள்ளே போன தண்ணீர் 12.5 லிட்டர். அந்த 4 செ.மீ. இடைவெளி ஏன் என்று கையேட்டில் இல்லை. அதன்படி விளிம்புவரை நிரப்ப வேண்டுமாம். பெட்டாவுக்குச் செவுள் போக, தலைக்குள் லேபிரிந்த் என்று இன்னொரு மூச்சு உறுப்பு இருக்கிறது. மேலே வந்து வாய் திறந்து காற்றை விழுங்கிவிட்டுப் போகும். தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே காற்று இருந்தே ஆக வேண்டும், அந்தக் காற்றும் தண்ணீரைப் போல வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. மூடி அவசியம் என்பதற்குக் காரணமே அதுதான், மீன் எகிறிக் குதிக்கும் என்பது இன்னொன்று.

இந்தக் காற்று விழுங்கும் திறமைதான் இதற்கு வினையாகவும் வந்து சேர்ந்தது. கண்ணாடி டம்ளரில் வைத்தாலும் உயிரோடு கிடக்கும் என்பதால் டம்ளரே போதும் என்று ஆகிவிட்டது. வயலிலும் குட்டையிலும் இருக்கிற மீன்தானே என்பார்கள். வயல் ஆழமில்லைதான், ஆனால் எவ்வளவு அகலம்! என்னைக் கேட்டால் 12.5 லிட்டரே இழுத்துப் பிடித்த அளவு. இதற்குக் கீழே போக வேண்டாம், இடமிருந்தால் 20 லிட்டருக்குப் போங்கள். சின்னத் தொட்டியில் தண்ணீர் சீக்கிரம் கெடுவதுதான் பெரிய தொல்லை.

அதை நான் கற்றுக்கொண்ட கதைக்கு வருகிறேன். செட்டோடு இரண்டு சின்னப் பாட்டில்கள் வந்தன. ஒன்று குளோரின் நீக்கி. அது நல்ல சரக்கு, குழாய்த் தண்ணீரில் சொட்டு விட்டால் உடனே வேலை செய்கிறது. ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்தால் போதாதா என்று நானும் கேட்டேன். குளோரின் மட்டும் என்றால் போய்விடும், குளோரினோடு அம்மோனியா சேர்ந்த குளோரமின் கலந்த தண்ணீரில் அது அப்படிப் போகாது. அதனால் சொட்டு மருந்தே மேல். இன்னொரு பாட்டில் 'உடனடி பாக்டீரியா'. இதை ஊற்றிய அன்றே மீன் விடலாம் என்று கையேடு சொன்னது. விட்டோம்.

ஐந்தாம் நாள் தண்ணீர் கஞ்சித்தண்ணி மாதிரி மங்கியது. ஒன்பதாம் நாள் ஜரிகை மேல் மூலையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. துடுப்பெல்லாம் மடிந்து ஒட்டிக்கொண்டு, தைத்துப் பிரித்த துணி மாதிரி ஆகிவிட்டது. செவுள் ஓரம் சிவப்பு. தம்பி மகள் ஓடிப்போய் நீர்ப் பரிசோதனை செட் ஒன்று வாங்கி வந்தாள். அம்மோனியாவுக்கு மஞ்சள் வந்தால் பூஜ்யம், பச்சை ஏற ஏற ஆபத்து. எங்கள் சோதனைக் குழாயில் வந்தது நல்ல பச்சை. அட்டையில் வைத்துப் பார்த்தால் 1 பிபிஎம்முக்கும் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) 2-க்கும் நடுவே.

மீன் கழிவும் தின்னாமல் விட்ட தீனியும் அம்மோனியாவாகும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் விஷம், மூன்றாவதை ஓரளவு மீன் தாங்கும். இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் கல்லிலும் குடியேறிப் பெருக வாரக்கணக்கில் ஆகும். எங்கள் தொட்டியில் அந்தப் பாட்டிலை ஊற்றியும் ஒன்பது நாளில் இந்தக் கதி. அந்த வாரம் முழுக்க தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினேன், அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சேர்ந்து பூஜ்யம் காட்டியது ஆறாவது வாரத்தில். செட்டுக்குள் கட்டாயம் இருந்திருக்க வேண்டிய ஒரே சாமான் அந்தப் பரிசோதனை மருந்துதான், அதைத்தான் வைக்கவில்லை. நீங்கள் இப்போதுதான் வாங்குகிறீர்கள் என்றால், தொட்டியை முதலில் ஓட விடுங்கள். மீன் இல்லாமலே அம்மோனியா கொஞ்சம் விட்டு, அளந்து அளந்து பார்த்து, இரண்டும் பூஜ்யம் ஆனபின் மீன் வாங்குங்கள். காலித் தொட்டியைப் பார்த்துக்கொண்டு ஒரு மாதத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பது கஷ்டம்தான்.

இப்போது ஃபில்டர். எனக்கு இதில்தான் கோபம். மூலையில் ஒட்டும் சின்ன மோட்டார் ஃபில்டர், மணிக்கு 200 லிட்டர் என்று அதன் முதுகில் எழுதியிருக்கிறது. 12.5 லிட்டர் தொட்டியில் 200 லிட்டர் என்றால் ஒரு மணி நேரத்தில் மொத்தத் தண்ணீரும் 16 முறை சுற்றி வருகிறது. வேகத்தைக் குறைக்கத் திருகு உண்டு, கடைசிவரை திருகினாலும் சுழல் குறையவில்லை. ஆற்றில் ஏறும் மீனுக்கு இது ஒன்றுமில்லை. ஜரிகைக்கோ உடம்பைவிட நீளமான வால். அடைமழையில் தழையத் தழையப் பாவாடை கட்டிக்கொண்டு நடப்பது மாதிரி அதன் பாடு. ஒரு பக்கம் நீந்த முயலும், வால் இன்னொரு பக்கம் இழுக்கும். அலுத்துப்போய் ஹீட்டருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும்.

இரண்டாம் மாதம் வால் கிழிந்தது. இங்கே என் தொழில் எனக்குக் கைகொடுத்தது. கிழிசலும் அரிப்பும் ஒன்றல்ல, துணியிலும் அப்படித்தான். கிழிந்த துணியில் ஒரு கோடு தெரியும், இழை இரண்டு பக்கமும் அப்படியே இருக்கும். பூச்சி அரித்த துணியில் ஓரம் மக்கி, நிறம் மாறி, நாளுக்கு நாள் உள்ளே போகும். துடுப்பழுகல் என்கிற நோய் இரண்டாவது வகை: ஓரம் கறுத்தோ சிவந்தோ நைந்துபோய், துடுப்பு குட்டையாகிக்கொண்டே வரும். ஜரிகையின் வாலில் இருந்தது நேர்க்கோடாக, நரம்பை ஒட்டி மேலிருந்து கீழே ஒரு பிளவு. ஓரம் சுத்தமாக இருந்தது. அது நோய் இல்லை, எங்கோ மாட்டி இழுபட்டது. பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். ஃபில்டரின் உறிஞ்சும் பக்கம் இருக்கும் நீள ஓட்டைகள் ஒவ்வொன்றும் 3 மில்லிமீட்டர் அகலம், ஓரங்களில் அச்சு வார்த்தபோது விட்ட பிசிர். அங்கே வால் நுனி ஒட்டிக்கொள்வதை ஒரு சாயங்காலம் கண்ணாலேயே பார்த்தேன்.

பிசிரைத் தேய்த்து எடுத்தேன். மெல்லிய நைலான் வலையில் ஒரு உறை தைத்து உறிஞ்சும் பக்கம் மாட்டினேன். வெளிவிடும் வாயில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் கட்டினேன். சுழல் பாதியானது. கடைசியில் அதையும் கழற்றிவிட்டு, ஏர் பம்பில் ஓடும் சாதாரண ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்டேன். பழைய பஞ்சையும் ஒரு மாதம் கூடவே தொங்கவிட்டேன், பாக்டீரியா புது ஸ்பாஞ்சுக்குக் குடிமாற வேண்டுமே. காற்றைக் குறைக்கக் குழாயில் ஒரு வால்வு. குமிழ்கள் மெதுவாக ஏறுகின்றன, தண்ணீர் அசைகிறது, அவ்வளவுதான்.

பிளவு மூன்று வாரத்தில் மூடியது. முதலில் அந்த இடத்தில் கண்ணாடித் தாள் போல ஒரு ஓரம் வந்தது, நிறமே இல்லை. பார்த்ததும் பயந்து, பூஞ்சையோ என்று நினைத்தேன். அப்புறம் அதில் நீலம் மெல்ல இறங்கி, கடைசியாகச் செம்பு ஓரமும் வந்து சேர்ந்தது. ஒட்டுப்போட்ட தடம் தெரியவில்லை. நாற்பது வயதிலிருந்து தைக்கிறேன், எனக்கு அந்தக் கைத்திறன் வராது.

ஃபில்டரைப் பற்றி இன்னும் ஒன்று. மாதம் ஒருமுறை கார்ட்ரிட்ஜை மாற்றச் சொல்கிறது கையேடு. பஞ்சில்தானே அந்த பாக்டீரியா குடியிருக்கிறது? ஆறு வாரம் தவமிருந்து சேர்த்ததைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது மாட்டினால், மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பம். யாருக்கு லாபம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு புதுக் கார்ட்ரிட்ஜைக் கத்தரிக்கோலால் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு கரண்டி கரித்துகள், சுற்றிலும் ரஜாய்க்குள் வைக்கும் அதே பாலியஸ்டர் பஞ்சு. எங்களிடம் மீட்டர் கணக்கில் கிடக்கும். பஞ்சை மாற்றத் தேவையே இல்லை. தண்ணீர் மாற்றும்போது எடுத்த அதே தொட்டித் தண்ணீரில் பிழிந்து அலசி மறுபடி வைத்தால் போதும். குழாயடியில் அலசாதீர்கள், குளோரின் பட்டால் பாக்டீரியா போச்சு.

ஹீட்டரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 25 வாட்ஸ், 26 டிகிரிக்கென்று கட்டிவைத்தது, திருகு எதுவும் இல்லை. தனியாக ஒரு வெப்பமானி வைத்து இரண்டு வாரம் காலையும் இரவும் குறித்தேன். 25.5-க்குக் கீழேயும் 26.5-க்கு மேலேயும் போகவில்லை. பெட்டாவுக்கு 24 முதல் 28 வரை ஒத்துவரும் என்பதால் இது சரியான நடு. ஒரே எச்சரிக்கை: தண்ணீர் எடுக்கும்முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஒருமுறை மறந்தேன், மட்டம் இறங்கி ஹீட்டர் பாதி வெளியே தெரிந்தது. கண்ணாடி வெடிக்காமல் இருந்தது என் நல்லகாலம்.

விளக்கு விஷயம் எனக்குப் புரியவே ரொம்ப நாள் ஆனது. சாயங்காலம் ஆனால் ஜரிகை பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்துச் செவுள்மூடியை விரித்து, தோகையை அகட்டி, முன்னும் பின்னும் பாயும். இவனுக்கு என்ன வெறி என்று நினைத்தேன். செட்டோடு வந்த கறுப்புப் பின்னணித் தாள்தான் காரணம். வெளியே இருட்டு, உள்ளே வெளிச்சம், பின்னால் கறுப்பு என்றால் கண்ணாடி முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடுகிறது. எதிரி என்று நினைத்து மணிக்கணக்கில் தன்னோடேயே சண்டை. ஒன்றிரண்டு நிமிடம் என்றால் பரவாயில்லை, நாள் முழுக்க என்றால் மீன் தளர்ந்துவிடும். கறுப்பைக் கிழித்துவிட்டு, பேட்டர்ன் வெட்டும் பழுப்புத் தாளை ஒட்டினேன். பிம்பம் மங்கியது. அறை விளக்கை அணைக்கும் முன் தொட்டி விளக்கை அணைத்துவிடுகிறேன். வெறியும் நின்றது.

செடி என்று கொடுத்திருந்தது பிளாஸ்டிக். அதற்கு எளிய பரீட்சை இருக்கிறது: மெல்லிய நைலான் துணியை அதன்மேல் இழுத்துப் பாருங்கள். நான் இழுத்ததும் இரண்டு இடத்தில் நூல் எழும்பியது. நைலானை இழுப்பது வாலை விடுமா? அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அனுபியாஸ் ஒன்றும் ஜாவா ஃபெர்ன் ஒன்றும் வைத்தேன். இரண்டுக்கும் வெளிச்சம் அதிகம் வேண்டாம். கிழங்குத் தண்டைக் கல்லுக்குள் புதைத்தால் அழுகிவிடும், அதனால் ஒரு கல்லின்மேல் பருத்தி நூலால் கட்டிவிட்டேன். வேர் கல்லைப் பிடித்துக்கொள்வதற்கும் நூல் மக்கிப்போவதற்கும் சரியாக இருந்தது. அகலமான அனுபியாஸ் இலை ஒன்று மட்டத்துக்குக் கீழே நிற்கிறது. மதியம் ஜரிகை அதன்மேல் படுத்துத் தூங்கும். முதல் தடவை பார்த்தபோது செத்துவிட்டது என்று நினைத்துக் கையில் இருந்த ஊசியைக் கீழே போட்டுவிட்டேன்.

தீனி: கூட வந்த செதில் தீனியின் பட்டியலில் முதலில் கோதுமை மாவு. வாய் மேல்நோக்கித் திறக்கும் மீன், தண்ணீர்மேல் விழும் பூச்சியையும் கொசுப்புழுவையும் பிடித்துத் தின்னப் பிறந்தது. மீனும் பூச்சியும் முதலில் இருக்கும் சின்ன உருண்டைத் தீனி வாங்கி, காலை மூன்று, மாலை மூன்று போடுகிறேன். வாரத்தில் ஒரு நாள் பட்டினி. கெஞ்சும், மசிய வேண்டாம்.

சொல்ல மறந்துவிட்டேன், தொட்டியை முதலில் தையல் மேஜையிலேயே வைத்திருந்தேன். மிஷினை மிதித்தால் தண்ணீர் முழுக்க நடுங்கும், மீன் மூலைக்கு ஓடும். தனி அலமாரிக்கு மாற்றினேன். கல்லும் கண்ணாடியும் சேர்த்தால் 20 கிலோவை நெருங்குகிறது, அதைத் தண்ணீரோடு தூக்க நினைக்காதீர்கள்.

ஃபில்டரை மாற்றி ஒரு வாரத்தில் மூலையில் நுரை மாதிரி ஏதோ மிதந்தது. அழுக்கு என்று கரண்டியை எடுத்தேன், தம்பி மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆண் பெட்டா வாயால் ஊதிக் கட்டும் நுரைக்கூடாம். பெண் மீன் இல்லாவிட்டாலும் கட்டும், முட்டை வந்தால் காவல் இருக்கப்போவதும் ஆண்தான். பழைய ஃபில்டர் ஓடியவரை ஒரு குமிழ்கூட நிற்காமல் அடித்துக்கொண்டு போயிருக்கிறது. இப்போது இலை ஓரமாக உள்ளங்கை அளவுக்குக் கட்டிவைத்திருக்கிறது, ஒவ்வொரு குமிழும் குண்டூசித் தலையளவு. தண்ணீர் மாற்றும் நாளில் அந்த மூலையைத் தொடாமல் ஊற்றுகிறேன்.

கடைசியாக மூடி. கண்ணாடி கனமானது, தீனி போட ஒரு மூலையில் வாயும் உண்டு. பின்னால் ஒயர் போகும் இடைவெளி மட்டும் மூன்று விரல் அகலம், மீன் தாராளமாகக் குதித்து வெளியே வரலாம். அதை வலைத்துணி வைத்து அடைத்தேன். எட்டாம் மாதம் மூடியைப் பிடித்திருந்த பிளாஸ்டிக் கிளிப் இரண்டாக உடைந்தது. கம்பெனிக்கு எழுதினேன். கிளிப் தனியாகத் தருவதில்லை, புது செட் வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது, கூடவே கார்ட்ரிட்ஜ் வாங்கச் சொல்லி ஒரு விளம்பரமும். விட்டுத் தள்ளு என்று ஒரு துண்டு நாடாவைக் கண்ணாடியில் ஒட்டி, அதில் பிரஸ் பட்டன் வைத்துவிட்டேன். மூடியைத் திறந்தால் டிக் என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் ஜரிகை தீனி வாய்க்குக் கீழே வந்து நின்றுகொள்கிறது. இப்போதெல்லாம் வாடிக்கையாளர் துணிக்குப் பட்டன் வைத்து அழுத்திப் பார்த்தாலும் வந்து நிற்கிறது.